நீங்கள் இருக்கும் நாடு

ஞாயிற்றுக்கிழமை என் மகள் போனில் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

"அம்மா, லீவு கேட்டாக் கிடைக்கும். முழுசா ஒரு மாசம். ஆனா அப்பா என்னைக் கூப்பிடணும். அவரே போன் பண்ணி, அவர் வாயால வான்னு சொல்லணும். இல்லேன்னா நான் வரல. வெள்ளிக்கிழமை ஆபீஸ்ல பதில் சொல்லியாகணும், பாத்துக்கோ."

வராவிட்டால் போ, அங்கேயே கிட என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. பெற்றவள் வாயாயிற்றே, "சரிடி, நான் பேசிப் பாக்குறேன்" என்றுதான் வந்தது. அப்பாவுக்கும் மகளுக்கும் வீம்பு ஒரே அச்சு. நடுவில் கிடந்து அல்லாடுவதற்கு நான் ஒருத்தி.

என் வீட்டுக்காரர் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். அவர் என்ன வைத்திருக்கிறார், நாங்கள் வைத்திருக்கிறோம். வருகிறவர்களிடம் வாய் கொடுப்பது நான், கலவை மெஷின் பக்கம் அவர். சுவருக்கு என்ன நிறம் வேண்டும் என்று சொன்னால் போதும், வெள்ளை பெயிண்ட் டப்பாவுக்குள் மெஷின் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டுக் கலக்கிக் கொடுக்கும். எந்தச் சாயம் எவ்வளவு என்று மெஷினுக்குச் சொல்வது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்குச் சொல்வது இவர். இவருக்குச் சொல்ல இந்த உலகத்தில் ஆள் கிடையாது. "என் கையால கலந்தது ஒரு டப்பா தப்பா வந்துச்சுன்னு எவனாவது சொல்லட்டும், மீசையை எடுத்துடுறேன்" என்பார். சொன்னவன் இல்லை, மீசையும் போகவில்லை.

மகள் வளர்ந்ததே கடையில்தான். பள்ளிக்கூடப் பையை மூலையில் எறிந்துவிட்டு நேராக மெஷினிடம் போய் நிற்பாள். நிறம் பார்ப்பதில் அப்பாவைவிட அவளுக்குக் கண் கூர்மை. "அப்பா, இதுல மஞ்சள் ஒரு சொட்டு தூக்கலா இருக்கே" என்பாள். "போடி, பெரிய இவ" என்று அதட்டிவிட்டு, அவள் அந்தப் பக்கம் நகர்ந்ததும் இவர் சத்தமில்லாமல் திருத்திக்கொள்வார். கடை அவளுக்குத்தான் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டாரா என்றால், கேட்கவில்லை. அவள் படித்து முடித்து, கண்காணாத தூரத்தில் ஒரு நாட்டில் வேலை கிடைத்து, "போறேன்பா" என்று வந்து நின்ற அன்று வீடு ரெண்டுபட்டது.

"போனா போனதுதான். அப்புறம் இந்தக் கடையும் கிடையாது, இந்த அப்பனும் கிடையாது."

"சரி. நீங்களா கூப்பிடாம நானும் வர மாட்டேன்."

அவ்வளவுதான் பேச்சு. வழியனுப்ப நான் மட்டும் போனேன். இவர் கடையில் உட்கார்ந்து காலி டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாராவது காலி டப்பாவைத் துடைப்பார்களா?

அதற்கப்புறம் வருஷம் ஓடிவிட்டது. அவள் எனக்குப் போன் செய்வாள். அவள் குரல் கேட்டதும் இவருக்கு மெஷின் ஞாபகம் வந்துவிடும், எழுந்து போய்விடுவார். "எப்படி இருக்கான்னாவது கேளுங்களேன்" என்றால் "யாரு?" என்பார். யாராம்! பெற்ற மகளை யார் என்று கேட்கிற வாயை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் சொல்லிப் பார்த்தேன்.

"பாப்பா வரேங்குறா. நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதுமாம்."

"வர்றவளுக்கு வழி தெரியும்."

"கூப்பிட்டாத்தான் வருவாளாம்."

"அப்ப வர வேணாம்."

அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பாத்திரங்கள்தான் அடி வாங்கின. அவர் அசையவில்லை.

இந்த லட்சணத்தில் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வேறு வந்திருந்தது. பழையது முந்தின வாரம் புகை விட்டுக் கண்ணை மூடிவிட்டது. தெருமுனையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை ஒன்று இருக்கிறது. ஒரு பெண்தான் நடத்துகிறாள், கெட்டிக்காரி. பழையதில் இருந்த கலவைக் கணக்குகளை எல்லாம் காப்பாற்றி எடுத்துக் கொடுத்ததே அவள்தான். "புதுசை நான் வந்து செட் பண்ணித் தரேண்ணே" என்றாள். இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"நான் என்ன எழுதப் படிக்கத் தெரியாதவனா? அது கேக்கும், நான் பதில் சொல்லிட்டுப் போறேன்."

என்னையும் வீட்டுக்குத் துரத்திவிட்டு, ஒரு மத்தியானம் முழுக்க அதனோடு தனியாக உட்கார்ந்திருந்தார். நான் திரும்பி வந்தபோது திரை பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. "எல்லாத்தையும் தமிழ்லயே கேட்டுச்சு. சுத்தமாப் போட்டுட்டேன்" என்றார். முகத்தில் என்னமோ ஒரு களை. கம்ப்யூட்டரை ஜெயித்துவிட்ட பெருமை என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஏணி வந்து நின்றான். ஏணி என்பது எங்கள் பக்கத்துப் பெயிண்டர். ஆள் அவ்வளவு உயரம். மற்றவர்கள் ஏணி சாத்துகிற இடத்தில் அவன் குதிகாலைத் தூக்கினால் போதும். அன்றைக்கு அவன் மூக்கிலும் காதிலும் பச்சை.

"அக்கா, அண்ணன் எங்க? பல் டாக்டர் அம்மா அழாத குறை."

"ஏன், என்னாச்சு?"

கையில் கொண்டுவந்த டப்பா மூடியை மேஜைமேல் வைத்தான். பல் டாக்டர் தன் புது ஆஸ்பத்திரிக்குக் கேட்டிருந்தது வெளிர் பச்சை. பச்சையா வெள்ளையா என்று பார்க்கிறவருக்கே சந்தேகம் வர வேண்டும், அத்தனை மெல்லிசு. மூடியில் இருந்ததோ கிளிப்பச்சை. கிளி பார்த்தால் சொந்தம் கொண்டாடும்.

"உள்ள நுழைஞ்சதுமே பல்லு கூசுதுக்கா. நாலு சுவரும் முடிச்சுட்டேன்."

"டப்பாவைத் திறந்தப்பவே தெரியலையாடா உனக்கு? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"

"தெரிஞ்சுது. அண்ணன் கலந்ததாச்சே, காயக் காய வெளுத்துடும்னு இருந்துட்டேன். அண்ணன் தப்பு பண்ணுவாரா?"

பின்னால் நின்று இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாகக் கலந்து முடித்ததும் மூடியில் ஒரு சொட்டு தொட்டுப் பார்ப்பார். இது வருஷக்கணக்காகக் கலந்த கலவை, பார்க்க என்ன இருக்கிறது என்று அப்படியே கொடுத்துவிட்டிருக்கிறார். புது டப்பாவை மெஷினில் வைத்தார். அதே பச்சையை மறுபடி கலந்தார். மறுபடியும் கிளி. தந்த நிறம் கலந்தார், கடுகு அரைத்த மாதிரி வந்தது. கருநீலம் கலந்தார், அது மட்டும் அச்சுப் பிசகாமல் கருநீலமாகவே வந்து தொலைத்தது. அதைப் பார்த்ததும் மனுஷன் இன்னும் குழம்பிப்போனார். மெஷின் கெட்டிருந்தால் எல்லாமே கெட வேண்டும் அல்லவா?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டு மூடியைப் பார்த்தார். மறுபடி கழற்றினார்.

"ஏன்டி," என்றார் என்னிடம், "எனக்குக் கண்ணு போச்சா?"

அவரை நான் எத்தனையோ கரித்துக் கொட்டியிருக்கிறேன். ஆனால் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. ஐயோ பாவம் என்று இருந்தது. "எனக்கும் கிளிப்பச்சையாத்தான் தெரியுது, உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்லை" என்றேன். காதில் வாங்கவில்லை. வெள்ளை பெயிண்ட் ரெண்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு, "வாடா, நானே வந்து அடிச்சுத் தரேன்" என்று ஏணியோடு கிளம்பிவிட்டார். கம்ப்யூட்டர்காரியைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம். அதைத் தொடக் கூடாது" என்றார். கோளாறு மெஷினிலோ கண்ணிலோ இருந்துவிட்டுப் போகிறது, கம்ப்யூட்டரைத் தொட்டால் இவருக்கு என்ன போச்சு?

அவர் தலை தெருவில் மறைந்ததும் போனை எடுத்தேன்.

அந்தப் பெண் வந்தாள். அவளுக்கு வாயும் கையும் சேர்ந்தே ஓடும். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பச்சையின் கணக்கைத் திறந்தாள், மெஷின் என்ன விட்டது என்று பார்த்தாள், சிரித்துவிட்டாள்.

"அக்கா, இது கணக்குல ரெண்டரைன்னு இருக்கு. மெஷின் இருபத்தஞ்சு விட்டிருக்கு. எல்லாம் பத்து மடங்கு."

"ஏன், அதுக்கு என்ன பைத்தியமா?"

"பைத்தியம் இல்லைக்கா. நாம ரெண்டுக்கும் அரைக்கும் நடுவுல புள்ளி வெக்குறோம். சில நாட்டுல புள்ளி வெக்க மாட்டாங்க, கமாதான் வெப்பாங்க. அங்க புள்ளின்னா ஆயிரம், லட்சம் பிரிக்குறதுக்கு. இந்தக் கம்ப்யூட்டர் அந்த மாதிரி ஒரு நாட்டுல இருக்குறதா நினைச்சுக்கிட்டு இருக்கு. அதனால புள்ளியை மதிக்காம, ரெண்டையும் அஞ்சையும் ஒட்டிப் படிச்சிடுச்சு. வெளிர் நிறத்துக்கெல்லாம் சின்னச் சின்னக் கணக்கு, புள்ளி இருக்கும். அதெல்லாம் போச்சு. கருநீலத்துக்கு முழு எண்ணு. அது தப்பிச்சுச்சு."

எனக்கு உயிர் வந்தது. அவர் கண்ணில் பழுதில்லை. இதைப் போன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் அவள் திரையின் மூலையைத் தட்டிக் காட்டினாள்.

"மணியே தப்பா ஓடுதே, பாக்கலையாக்கா நீங்க?"

"பாத்தேன். கேட்டதுக்கு, புதுசு, போகப் போகச் சரியாயிடும்னார்."

"போகப் போகச் சரியாக இது என்ன செருப்பா? புதுசாப் போடும்போது முதல் கேள்வியே இதுதானே கேக்கும். உங்க மொழி எது, நீங்க எந்த நாட்டுல இருக்கீங்க. அதை வெச்சுத்தான் தேதி, மணி, புள்ளி எல்லாமே. மொழி தமிழ்னு சரியாக் கொடுத்திருக்கார். நாடு பாருங்க."

திரையை என் பக்கம் திருப்பினாள். என் மகள் இருக்கிற நாடு அங்கே இருந்தது.

ஒரு நிமிஷம் எனக்குப் புரியவில்லை. தற்செயலாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் திரையின் அடியில், சாம்பல் நிறத்தில் ஒரு குட்டி மேகமும் பக்கத்தில் ஓர் ஊர்ப் பெயரும் கண்ணில் பட்டன. அது அந்த நாட்டின் பெரிய ஊர் ஒன்றும் இல்லை. செய்தியில் வராத ஊர். நான் மகளுக்குப் பார்சல் அனுப்பும்போது ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதுகிற ஊர். அங்கே இப்போது மேகமூட்டம், இத்தனை டிகிரி குளிர் என்று அந்த மேகம் சொல்லிக்கொண்டிருந்தது.

"படுபாவி மனுஷன்!" என்றேன்.

கம்ப்யூட்டர்காரி மிரண்டுவிட்டாள். "தெரியாமப் பண்ணியிருப்பார்க்கா, விடுங்க. ரெண்டு நிமிஷத்துல மாத்திடுறேன்."

"கையை எடு. அவர் வரட்டும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. யாரு என்று கேட்ட வாய்! வர வேணாம் என்று சொன்ன வாய்! என்னைக் கிறுக்கி ஆக்கிவிட்டு, திரையில் ஊரைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் மனுஷன். கோபம் என்றேனே தவிர, கண்ணில் அது பாட்டுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் ஒன்றும் கேட்காமல் எழுந்துபோய் டீ வாங்கிக்கொண்டு வந்தாள்.

வெயில் தாழ்ந்த பிறகுதான் அவர் வந்தார். தலைமுடியெல்லாம் வெள்ளை பெயிண்ட், ஒரே நாளில் கிழவராகிவிட்ட மாதிரி. கம்ப்யூட்டர் முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் முகம் மாறியது.

"யார் இதைத் தொடச் சொன்னது?"

"நான்தான். உக்காருங்க. உங்க கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை, புள்ளியிலதான் கேடு. அவளே சொல்லுவா."

அவள் புள்ளியையும் கமாவையும் சொல்லச் சொல்ல, இவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. "அப்ப என் கலவை சரிதான்? நான் தப்பு பண்ணல?" என்று ரெண்டு தடவை கேட்டுக்கொண்டார். அப்புறம்தான், பேச்சு எங்கே போய் முட்டப்போகிறது என்று அவருக்கு உறைத்தது. என் பக்கம் ஓரக்கண்ணால் பார்த்தார். நான் இடுப்பில் கை வைத்து நின்றேன்.

"அது வந்து, கை தவறி எதையாவது அழுத்தியிருப்பேன்."

"இல்லைண்ணே," என்றாள் அந்தப் பெண், ஒன்றும் அறியாத பிள்ளையாக. "கை தவறினா, பட்டியல்ல நமக்கு மேலயோ கீழயோ இருக்குற நாடு வந்திருக்கும். இது எங்கயோ தள்ளி இருக்கு. அதோட ஊரையும் தனியாத் தேடிப் போட்டிருக்கீங்களே. சின்ன ஊரு, தானா வராது. பேரை முழுசா அடிச்சாத்தான் வரும்."

அவர் மேஜைமேல் கிடந்த கலக்குக் குச்சியை எடுத்தார், காய்ந்துபோன பெயிண்டை நகத்தால் சுரண்டினார்.

"அது கேட்டுச்சு," என்றார் கடைசியில். "நீங்கள் இருக்கும் நாடு எதுன்னு. கீழ நீளமா ஒரு பட்டியல். நம்மளைத் தேடிக்கிட்டேதான் போனேன். போற வழியில அது கண்ணுல பட்டுச்சு. அழுத்தினா என்னதான் ஆகும்னு பாத்தேன். மணி மாறுச்சு. அங்க அப்ப விடியக்கூட இல்லை. சரி, இப்ப தூங்கிக்கிட்டு இருப்பான்னு தெரிஞ்சுது." குச்சியைக் கீழே வைத்தார். "அதுக்கப்புறம் மாத்த மனசு வரல."

"யாரு, யாருன்னு என்கிட்ட கேட்டீங்களே!" என்று கத்தினேன். "நான் தினம் அவகிட்ட பேசிட்டு வந்து உங்க முன்னாடிதானே நிக்குறேன்? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாமே!"

"நீ பேசுற. எனக்கு என்ன இருக்கு? நான்தான் வாயைக் கொடுத்துக் கெடுத்துக்கிட்டேனே. இந்த மேகத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

இந்த மனுஷனைத் திட்டுவதற்கு நான் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் எங்கேதான் போனதோ.

கம்ப்யூட்டர்காரிதான் தொண்டையைக் கனைத்தாள்.

"அண்ணே, இதுக்கு ஒரு வழி இருக்கு. நாடு தனி, புள்ளி தனி, மணி தனி. எல்லாத்தையும் ஒண்ணாக் கட்டி வெக்கணும்னு இல்லை. நாடு நம்ம நாடு, புள்ளி நம்ம புள்ளின்னு போட்டுடுறேன். மணியும் நம்ம மணிதான். ஆனா அதுக்குப் பக்கத்துலயே அந்த ஊரு மணியும் ஓடட்டும். கம்ப்யூட்டர் ஒண்ணும் சண்டைக்கு வராது."

இவர் குழந்தை கேட்பதுபோலக் கேட்டார்.

"மேகம்?"

"மேகத்தையும் விட்டுடுறேண்ணே."

"அதை விட்டுடு. அதைத் தொடாதே."

அவள் டக்டக்கென்று மாற்றினாள். திரையில் ரெண்டு கடிகாரம் வந்தது. அவள் சொன்னபடியே இவர் புது டப்பாவை வைத்துப் பச்சையை மறுபடி கலந்தார். இந்தத் தடவை மூடியோடு நிற்கவில்லை. ஒரு பலகையை எடுத்து, தூரிகையால் அகலமாகத் தீட்டி, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பச்சையா வெள்ளையா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பல் டாக்டர் கேட்டது அதேதான். அவர் பலகையை மேஜைமேல் காய வைத்துவிட்டு மீசையைத் தடவிக்கொண்டார். அந்தப் பெண், "நான் கிளம்புறேன்க்கா, கடையில ஆள் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டாள். யாரும் காத்துக்கொண்டு இல்லை என்பது எனக்குத் தெரியும். நல்ல பெண்.

நாங்கள் ரெண்டு பேர் மட்டும் இருந்தோம். வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

"நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றேன்.

"தெரியும்." ரெண்டாவது கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப எழுந்து வேலைக்குக் கிளம்பிக்கிட்டு இருப்பா."

"அப்ப போன் பண்ணுங்க."

"என்னன்னு பேசுறது?"

"பேச என்ன இருக்கு? வான்னு சொல்லுங்க. ஒரே எழுத்து. வாய் வலிக்காது."

"உனக்கு என்ன, சொல்லிடுவே."

"நம்பர் எடுத்துத் தரட்டுமா?"

திரும்பிப் பார்த்தால் அவர் எண்களை அழுத்திக்கொண்டிருந்தார். எதையும் பார்க்காமல், கடகடவென்று. எனக்கே அவள் நம்பர் மனப்பாடமாகத் தெரியாது.

மணி அடித்தது. எடுத்துவிட்டாள். அவள் குரல் எப்போதுமே எட்டு ஊருக்குக் கேட்கும், எனக்குக் கேட்காதா?

"அப்பாவா? அப்பா! அம்மாவுக்கு என்னாச்சு? சொல்லுங்கப்பா, அம்மாவுக்கு என்னாச்சு?"

அவர் கூப்பிட்டால் நான் செத்துப்போயிருக்க வேண்டும் என்று என் பிள்ளை நினைக்கும்படி ஆகிவிட்டது பாருங்கள், இவர்கள் வளர்த்த வீம்பு.

"அம்மாவுக்கு என்ன? நல்லாத்தான் இருக்கா. பக்கத்துல நின்னு என்னை முறைச்சுக்கிட்டு இருக்கா."

"பொய் சொல்லாதீங்க. அம்மாகிட்ட கொடுங்க."

"உயிரோடதான்டி இருக்கேன்!" என்று நான் போனைப் பார்த்துக் கத்தினேன். "நீ அப்பாகிட்ட பேசு!"

அந்தப் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது. இவர் வாயைத் திறந்தார், மூடினார். கண் மட்டும் திரைக்குப் போனது.

"அங்க மழை வரப்போகுதாமே," என்றார். "குடை எடுத்துக்கிட்டுப் போ."

அவள் கேட்டாள். "இங்க மழை வரும்னு உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"தெரியும்."

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் அவர் முன்னால் போய் நின்று, சத்தம் வராமல் வாயைப் பெரிதாகத் திறந்து, வா, வா என்று சொல்லிக் காட்டினேன். அவர் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். இவ்வளவு தூரம் வந்து, கடைசியில் அந்தப் பாழாய்ப்போன வீம்புதான் ஜெயிக்கப் போகிறது. போனைப் பிடுங்கிவிடலாமா என்றுகூட இருந்தது.

"பாப்பா," என்றார்.

"சொல்லுங்கப்பா."

"கடையில ஒரு பச்சை. பல் டாக்டர் கேட்டது. எவ்வளவு கலந்து பாத்தாலும் சரியா வர மாட்டேங்குது. தப்புத் தப்பா வருது. எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்லை. நீ வந்து பாத்தாத்தான் ஆகும்."

நான் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றேன். இந்த வாயா இதைச் சொன்னது? எதிரே மேஜைமேல் பலகையில் அந்தப் பச்சை, ஒரு சொட்டு கூடக் குறைய இல்லாமல், கொஞ்சம்கூடப் பிசகாமல் மினுமினுத்துக்கொண்டிருந்தது. அவரும் அதைப் பார்த்தார். போன் வழியாக அவளுக்குத் தெரிந்துவிடும் என்பதுபோல, சட்டென்று உள்ளங்கையை விரித்து அதன்மேல் வைத்து மறைத்துக்கொண்டார்.

"வரேன்பா," என்றாள் அவள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "இன்னைக்கே லீவு சொல்லிடுறேன். நான் வர்ற வரைக்கும் நீங்க அதைத் தொடாதீங்க. நான் வந்து பாத்துக்குறேன்."

"தொடல," என்றார் அவர், கை முழுக்கப் பச்சையோடு.